காரணம் எதுவும் சொல்லவில்லை

மலாய்க் கரையை ஒட்டிய தீவில், ஜார்ஜ் டவுன் கோர்ட்டில் தமிழ் துபாசியாகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்துமூன்று வயது. தமிழ்க்காரர்கள் சொல்வதை மாஜிஸ்திரேட் துரைக்கு இங்கிலீஷில் சொல்ல வேண்டும். அவர் சொல்வதை அவர்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. சேர்ந்த அன்று கையைத் தூக்கச் சொல்லி அப்படித்தான் சத்தியம் வாங்கினார்கள். எங்கள் குடும்பத்தில் சர்க்கார் உத்தியோகம் பார்த்த முதல் ஆள் நான். கறுப்புக் கோட்டும் தலைப்பாகையும் போட்டுக்கொண்டு டத்தோ கிராமாட் தெரு வீட்டிலிருந்து நடந்து போகும்போது தெரிந்தவர்கள் எழுந்து நிற்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நான் செய்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அடிமை வியாபாரம் வெள்ளைக்காரர் ஆட்சியில் எப்போதோ ஒழிந்துபோயிற்று என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். கோர்ட்டில் நான் முதல் வருடம் அதிகம் பார்த்தது 'ஓடிப்போன' கேஸ்கள். அக்கரையில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. நாகப்பட்டினத்தில் கப்பலேறிய கூலிகள் இத்தனை நாள் வேலை செய்கிறோம் என்று ஒரு காகிதத்தில் கைநாட்டு வைத்துவிட்டு வருவார்கள். அதன்பிறகு கிராணி என்கிற தோட்டத்துக் குமாஸ்தா தரும் அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லையைத் தாண்டினால் அது குற்றம். வேலையை விட்டுவிட்டுப் போனான் என்று எசமான் வழக்குப் போட்டு நஷ்டம் கேட்கிற விஷயமாக அதைச் சட்டம் பார்க்கவில்லை. திருடனைப் பிடிப்பதுபோல் போலீஸ் பிடித்தது, திருடனைப் போலவே ஜெயிலுக்கு அனுப்பினோம். ஓடியிருந்த நாளும் ஜெயிலில் இருந்த நாளும் ஒப்பந்தத்தோடு கூட்டப்படும். ஆகவே ஜெயிலிலிருந்து வெளியே வருகிறவன் உள்ளே போனதைவிட அதிக நாள் தோட்டத்துக்குக் கட்டுப்பட்டவனாக வருவான். இதை நான் தினமும் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். முதல் சில மாதம் அவர்கள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். பிறகு பழகிவிட்டது.

அந்தப் பெண்ணை ஒரு செவ்வாய்க்கிழமை கொண்டுவந்தார்கள். இருபத்தைந்து வயது இருக்கும். காலில் செருப்பில்லை, கணுக்கால் வரை சேறு காய்ந்திருந்தது. சிம்பாங் அம்பாட் பக்கம் ஒரு கரும்புத் தோட்டத்து ஆள். விடியுமுன் கிளம்பி பிறை படகுத்துறை வரை நடந்து, ஒரு மலாய்க்காரரின் சம்பான் படகில் இந்தக் கரைக்கு வந்து, வழி கேட்டுக் கேட்டு ஜெயில் வாசலுக்குப் போயிருக்கிறாள். அங்கே காவலாளி சீட்டு எங்கே என்று கேட்டிருக்கிறான். இல்லை. அப்படியே போலீசிடம் ஒப்படைத்துவிட்டார்கள்.

"சீட்டு இல்லாம தோட்டத்த விட்டு வந்தியான்னு தொரை கேக்குறார்" என்றேன்.

"மூணு தடவ கேட்டேனுங்க சாமி. கிராணி குடுக்கலீங்க."

"வந்தியா இல்லையா, அத மட்டும் சொல்லும்மா."

"வந்தேனுங்க. எம் புருசன உள்ள வச்சிருக்காங்க. அவரும் இதே மாதிரி சீட்டில்லாம போயிட்டாருன்னுதான். ஒரு தரம் பாத்துட்டு பொழுதுக்குள்ள திரும்பிரலாம்னு வந்தேன்."

நான் அதை ஒரு சொல் விடாமல் இங்கிலீஷில் சொன்னேன். மாஜிஸ்திரேட் கெட்ட மனிதர் இல்லை. நடுவயதுக்காரர், எப்போதும் ஜலதோஷம், கைக்குட்டையை மேசைமேல் வைத்திருப்பார். சட்டப் புத்தகத்தை இரண்டு பக்கம் முன்னும் பின்னும் புரட்டினார். பிறகு, "பார்க்கப் போனாள் என்பதற்கு இதில் இடமில்லை" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். தண்டனையில் குறைந்ததைக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு இரண்டு வாரம் என்று எழுதினார்.

அதைச் சொன்னதும் அவள் கேட்டாள்: "எந்த செயிலுங்க சாமி?"

"இந்த ஊர் ஜெயில்தாம்மா."

"அவரு இருக்கிற செயிலா?"

"ஆமா."

அவள் முகம் அப்படி மலர்ந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. கோர்ட் தன் மனுவைக் கேட்டு உத்தரவு போட்டுவிட்டது என்று நினைத்துவிட்டாள். துரையைப் பார்த்துக் கும்பிட்டாள். பெண்களுக்குத் தனிக் கட்டடம், நடுவில் சுவர் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் போலீஸ்காரர் அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஒரு வாரம் கழித்து வேறொரு கைதியின் வாக்குமூலத்தை மொழிபெயர்க்கப் பெண்கள் பகுதிக்குப் போனேன். அவள் தரையில் உட்கார்ந்து பழைய கப்பல் கயிற்றைப் பிரித்துக்கொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"அவரு வர்ற வெள்ளிக்கெழம வெளிய போறாராம், வார்டரம்மா சொன்னாங்க. நான் வர அதுக்கப்புறமும் நாலு நாள் இருக்கு. தோட்டத்து லயத்து வீட்டுல என்னக் காணலேன்னா அவரு வேற மாதிரி நெனச்சுக்குவாரு சாமி. அங்க பொம்பளைங்க கொறச்சல், எவன்கூடப் போனாளோன்னு நாலு பேரு சொல்லுவாங்க. நான் இங்கதான் இருக்கேன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க."

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். எங்கள் மகள் பிறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, "ஒரு வார்த்ததானே, போய் சொல்லிட்டு வாங்களேன். ஜெயிலு என்ன தூரமா?" என்றாள். தூரமில்லை. எங்கள் தெருவிலிருந்து பார்த்தால் மதில் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை வாசலில் நின்றேன். தோட்டத்திலிருந்து அவனை அழைத்துப் போக ஒரு மண்டோர் வந்திருந்தார், கூலிகளை மேய்க்கிற மேஸ்திரி. சின்னக் கதவு திறந்து அவன் வந்தான். ஒல்லியான, நெட்டையான ஆள், தலையை மொட்டையடித்திருந்தார்கள். நான் கிட்டப் போய், "உன் சம்சாரம் உள்ளதாம்ப்பா இருக்கு. உன்னப் பாக்க வந்து புடிச்சிட்டாங்க. செவ்வாக்கெழம விட்டுருவாங்க. நல்லா இருக்கு, கவலப்படாத" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான், மதிலைப் பார்த்தான்.

"இதுக்குள்ளயா? நான் இருந்தப்பவா?"

"ஆமாப்பா."

"எந்தப் பக்கமுங்க?"

கையைக் காட்டினேன். "போதும், நட" என்று மண்டோர் அவன் தோளைத் தள்ளினார். போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். நல்ல காரியம் செய்த திருப்தியோடு நான் கோர்ட்டுக்குப் போனேன்.

படகுத்துறையில் மண்டோர் வெற்றிலை வாங்க நின்ற நேரம் அவன் ஓடிவிட்டான். ஓடுகிறவன் வேறெங்காவது போயிருந்தால் பிழைத்திருப்பான். நேரே ஜெயிலுக்கு வந்தான். நான் கைகாட்டிய பக்கத்து மதிலோரம் நின்று அவள் பெயரைச் சொல்லிக் கத்தியிருக்கிறான். வார்டர்கள் விரட்டினார்கள். வாசலுக்கு வந்து, என்னையும் உள்ளே விடுங்கள், அவள் வரும்போது நானும் வருகிறேன் என்று கேட்டிருக்கிறான். வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தானாம். பிறகு போலீஸ் வந்தது.

இதெல்லாம் எனக்குத் திங்கட்கிழமைதான் தெரியும், அவன் கூண்டில் ஏறியபோது.

மண்டோர் நடந்ததைச் சொன்னார். துரை மூக்கைத் துடைத்துக்கொண்டு, "விடுதலையான அன்றே மறுபடி ஏன் ஓடினாய் என்று கேள்" என்றார். கேட்டேன்.

அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்கிற நிம்மதி. என்னைக் காட்டிப் பேச ஆரம்பித்தான்.

"இந்த ஐயாவுக்கே தெரியுங்களே. அவருதான் வந்து சொன்னாரு, எம் பொஞ்சாதி உள்ள இருக்கான்னு. அத்தன நாளு ஒரு செவுத்துக்கு அந்தாண்ட அவ இருந்திருக்கா, எனக்குத் தெரியலீங்க. தெரிஞ்சப்பறம் எப்பிடிங்க போறது? ரெண்டு பேரும் சேந்து தோட்டத்துக்கே போயிரலாம்னுதான் நின்னேன். நான் எங்கயும் ஓடலீங்க. ஐயா, நீங்க சொல்லுங்க."

அதற்கு முந்தின வாரம் அதே அறையில் ஒரு காப்பிக் கடைக்காரருக்குத் தண்டனை கொடுத்திருந்தார்கள். ஒப்பந்தக் கூலியின் மனதைக் கலைத்துவிடுவதும் சட்டப்படி குற்றம். வேறு இடத்தில் வேலை இருக்கிறது என்று அவர் இரண்டு பேரிடம் சொல்லியிருந்தார், அவ்வளவுதான். அந்தத் தீர்ப்பை மொழிபெயர்த்தவன் நான். என் வாயிலிருந்து அடுத்து வரவேண்டிய வாக்கியம், 'துபாசி ஜெயில் வாசலுக்கு வந்து சொன்னதால் ஓடினேன்' என்பது. கோட்டு, தலைப்பாகை, மூன்று மாதக் குழந்தை எல்லாம் ஒன்றாக வந்து முன்னால் நின்றன. நான் யோசித்தது நீண்ட நேரம்போல் இருந்தது. உண்மையில் இரண்டு மூச்சு விடும் நேரம்தான்.

"காரணம் எதுவும் சொல்லவில்லை" என்று இங்கிலீஷில் சொன்னேன்.

துரை நிமிர்ந்து பார்த்தார். "அவ்வளவு நேரம் பேசினானே?"

"சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்கிறான். மன்னிப்புக் கேட்கிறான்."

துரை எழுதினார். இரண்டாம் முறை, காரணம் இல்லை, ஆகவே கடுங்காவல் இரண்டு மாதம். அதை நான் தமிழில் சொன்னேன். எங்கே குரல் தடுக்குமோ என்று பயந்தேன். தடுக்கவில்லை. அவன் கொஞ்சம் குழம்பினான். பிறகு, நம் ஐயா எவ்வளவோ சொல்லிப் பார்த்தும் துரை இரங்கவில்லை என்று முடிவு செய்துகொண்டான் போலிருக்கிறது. என்னைப் பார்த்துக் கைகூப்பினான். அடுத்த கேஸைக் கூப்பிட்டார்கள்.

மறுநாள் அவளை விடுதலை செய்து தோட்டத்துக்கு அனுப்பினார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. மனைவி, "அந்த ஆளுகிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டாள். "சொல்லிட்டேன்" என்றேன். அது பொய்யில்லை. அன்றிலிருந்து ஜெயில் மதில் கண்ணில் படாமல் வேலைக்குப் போக வேறு வழியில் சுற்றிக்கொண்டு போனேன். மழைக்காலத்தில் அந்த வழியில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். ஏன் இப்படிப் போகிறீர்கள் என்று மனைவி இரண்டு முறை கேட்டுவிட்டு விட்டுவிட்டாள்.

அந்த வருடக் கடைசியில் பழைய காகிதங்களை ஒழுங்குபடுத்தும் வேலைக்குக் கொஞ்ச நாள் என்னைப் போட்டார்கள். கோர்ட்டின் பின்கட்டில் ஓர் அறை, கரையான் தின்றது போக மிச்சம். அங்கே கும்பெனியார் காலத்து விதிகள் சில கிடைத்தன, இந்தத் தீவில் அடிமைகளை வைத்துக்கொள்ள வெளிப்படையாக அனுமதி இருந்த காலத்தவை. யார் யாரை வைத்திருக்கிறார்கள் என்று பதிவு செய்ய வேண்டும். எசமானின் எழுத்து இல்லாமல் வெளியே திரிகிற அடிமையைப் பிடிக்க வேண்டும். பிடித்தவனை எசமானிடமே திருப்பி ஒப்படைக்க வேண்டும். ஒளித்துவைக்கிறவனும் கலைத்துவிடுகிறவனும் குற்றவாளி. நான் அதைப் படித்துவிட்டு எங்கள் புத்தகத்தின் பக்கங்களை மனதில் ஓட்டிப் பார்த்தேன். 'அடிமை' என்ற ஒரு சொல்லை எடுத்துவிட்டு 'ஒப்பந்தக் கூலி' என்று போட்டிருந்தார்கள். மற்றதை மாற்ற அவர்களுக்குப் பெரிதாகத் தேவைப்படவில்லை. பழைய விதியிலாவது முடிகிற நாள் என்று ஒன்றைச் சொல்லி ஏமாற்றவில்லை. காகிதங்களை நாடாவால் கட்டி அலமாரியில் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல அங்கே யாரும் இல்லை.

இரண்டு மூன்று வருடம் கழித்து ஒப்பந்த முறையை எடுத்துவிட்டார்கள். அந்தச் செய்தி வந்த அன்று எனக்கு நிஜமாகவே சந்தோஷம். தோட்டங்களுக்குப் போய் அறிவிப்பைத் தமிழில் படித்துச் சொல்லும் வேலையை எனக்கும் கொடுத்தார்கள். சிம்பாங் அம்பாட் வட்டாரத்தை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

கரும்பாலைக்கு முன்னால் ஆட்களை உட்கார வைத்திருந்தார்கள். தோட்டத்துத் துரை நாற்காலியில் இருந்தார், கிராணி பக்கத்தில் நின்றார். இனிமேல் யாரிடமும் புதிதாக ஒப்பந்தக் கைநாட்டு வாங்கக் கூடாது என்று படித்தேன். சிலர் சிரித்தார்கள், ஒருவர் கைதட்டினார். அடுத்த வாக்கியத்தை அப்போதுதான் நானே சரியாகக் கவனித்தேன். ஏற்கெனவே கைநாட்டு வைத்தவர்கள் மிச்ச நாட்களை முடித்துக் கொடுக்க வேண்டும்.

"அப்ப எங்களுக்கு இல்லீங்களா?" என்று ஒரு குரல் கேட்டது. அவள்தான். மூன்று வருடத்தில் பத்து வயது கூடியிருந்தாள்.

"உங்க நாளு முடிஞ்சாச் சரிம்மா."

"நாளு முடியுமுங்களா?"

நான் துரையைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீதியைப் படித்து முடித்தேன்.

கூட்டம் கலைந்ததும் அவள் என்னிடம் வந்தாள். அவன் எங்கே என்று கேட்டேன். கேட்காமல் போயிருக்கலாம்.

"அந்த ரெண்டு மாசம் முடிச்சுட்டு வந்தாரு சாமி. சேந்து இருந்தது ஒரு மாசம் இருக்கும். ஒரு நா கிராணிகிட்ட நம்ம நாளு எவ்வளவு இருக்குன்னு கேக்கப் போனாரு. திரும்பி வந்து ஒண்ணுமே பேசல. சோறு வச்சேன், திங்கல. மறுநா வெள்ளன பேரு கூப்புடையில ஆளு இல்ல. ஆத்துக் கழிமொகத்துல அவரு வேட்டி கெடந்துச்சு. நான் போய்ச் சொன்னேன், தண்ணியில தேடுங்கன்னு. தேடலீங்க. ஓடிட்டான்னு எழுதிட்டாங்க."

"நீ என்னம்மா நெனைக்கிறே?"

"முதலை கெடக்குற எடம் சாமி. ஆனா ஒடம்பக் கண்ணால பாக்கலியே. தாலிய வச்சுக்கிறதா, எடுக்கிறதான்னு தெரியல. ஓடிப்போனவருன்னுதான் இன்னும் புஸ்தகத்துல இருக்காம். இன்னிக்கி வரைக்கும் அவருக்கு நாளு ஏறிக்கிட்டே இருக்குன்னு கிராணி சிரிக்கிறாரு."

அவளே தொடர்ந்தாள்.

"உங்களப் பத்தி சொல்லிக்கிட்டே இருப்பாரு. அந்த ஐயா எனக்காக அவ்வளவு பேசினாரு, அந்த வெள்ளக்காரனுக்குத்தான் மனசு எறங்கலேன்னு. அன்னிக்கு அவரு செவுத்துக்கு வெளிய நின்னு என்னக் கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு சாமி. பதிலுக்கு நானும் கூப்பிட்டேன். வார்டரம்மா வாயப் பொத்திட்டாங்க."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். நான் பேசவில்லை அம்மா, பயந்துவிட்டேன் என்று நாலு வார்த்தை. கிராணி நாங்கள் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டிக்காரர் கூப்பிட்டார். "உடம்பப் பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டு ஏறினேன்.

அவள் நாட்கள் ஒருவழியாக முடிந்தன என்று பின்னால் கேள்விப்பட்டேன். முடிந்தும் அவள் போகவில்லை. அவன் உயிரோடு இருந்து திரும்பினால் அந்த லயத்துக்குத்தானே வருவான். கரும்பை வெட்டி ரப்பர் நட்டார்கள், அவள் பாலெடுக்க மரம் சீவக் கற்றுக்கொண்டாள். ஒப்பந்தம் இல்லாத சுதந்திரக் கூலி. அவர்களும் ஒரு மாதம் முன்னதாகச் சொல்லாமல் வேலையை விட்டால் குற்றம்தான். 'முன்னமே சொன்னேன், தோட்டத்துத் துரை ஏற்றுக்கொள்ளவில்லை' என்பார்கள் கூண்டில் நின்று. சாட்சி இருக்காது. நான் மொழிபெயர்ப்பேன். அதன்பிறகு ஒரு சொல்லையும் விட்டதில்லை. அதனால் யாருக்கும் ஒரு நாள்கூடக் குறையவும் இல்லை.

மேலும் பத்து வருடம் கழித்து, வேலையை விட்டதற்காகக் கூலிகளை ஜெயிலில் போடும் விதியையே நீக்கினார்கள். நிலுவையில் கிடந்த பழைய பிடிவாரண்டுகளை மொத்தமாக ரத்துசெய்ய ஒரு பட்டியல் தயாரானது. தமிழ்ப் பெயர்களின் இங்கிலீஷ் எழுத்துச் சரிதானா என்று பார்த்துத் தரச் சொல்லி என் மேசைக்கு அனுப்பினார்கள். மூன்றாவது தாளில் அவன் பெயர் இருந்தது. தகப்பன் பெயர், தோட்டம், 'அகப்படவில்லை' என்ற குறிப்பு. ஓர் எழுத்துத் தவறாக இருந்தது, திருத்தினேன். சாயங்காலம் பெரிய குமாஸ்தா எல்லாவற்றுக்கும் குறுக்கே சிவப்புக் கோடு போட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் சிம்பாங் அம்பாட்டுக்குப் போனேன். உன் புருசனை இனி யாரும் தேட மாட்டார்கள் என்று சொல்லலாம், அதோடு மற்றதையும் சொல்லிவிடலாம் என்று வழியெல்லாம் வாக்கியங்களைச் சேர்த்துக்கொண்டு போனேன். லயத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் விசாரித்தேன்.

"அந்த அக்காவா? காய்ச்சல் கண்டு போயிருச்சுங்களே, ரெண்டு வருசம் இருக்கும். சொந்தக்காரங்களா நீங்க?"

"இல்ல."

புதைத்த இடத்தைக் காட்டச் சொன்னேன். ரப்பர் மரங்களுக்குள் கொஞ்ச தூரம் கூட்டிக்கொண்டு போனார். அடையாளம் ஒன்றும் இல்லை. இந்த மரமா, அந்த மரமா என்று அவருக்கே சந்தேகம். சருகு மூடிக் கிடந்தது. தயார் செய்து வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றும் வாயில் வரவில்லை.

திரும்பி வரும்போது லயத்துக்கு முன்னால் நாலைந்து பேர் கூடியிருந்தார்கள். கோட்டைப் பார்த்திருப்பார்கள். ஒருவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"நோட்டீசு ஏதாச்சும் படிக்க வந்திருக்கீங்களா ஐயா? ஆளுங்கள எல்லாம் கூப்புடட்டுமா?"

"இல்லப்பா, ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு பிறைக்குப் போகும் சாலையில் நடந்தேன்.